மாணவர் முகாமும் அங்கத்தினர் பதிவேடும்

கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கித் தொண்டு புரிவது நமக்குப் புதியதன்று. மகாத்மாவின் நூற்றாண்டையொட்டி 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் ஏற்பாடுகள். தெருவைத் துப்புரவு செய்தலும் மரக்கன்று நடுதலும் நற்பணிகளே. ஆயினும், ஒரே ஊரில் ஒருவர் களத்தில் நெல் குவிய, மற்றொருவர் அக்களத்திலேயே கூலிக்குக் காத்து நிற்பது ஏன் என்று மாணவர் வினவாமல் திரும்புவராயின், அம்முகாமின் பயன் பாதியேயாகும்.

இவ்வினாவிற்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் அமைந்தது. பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்து வந்த இம்மக்களின் தொழில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் நலிந்தது. சங்கம் அமைந்தபின், அவர்கள் பாம்பைக் கொல்லாது நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடலாயினர். வயலில் பாம்பு தீண்டிய உழவரைக் காக்கும் மருந்துக்கு அந்நஞ்சே மூலப்பொருள். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே சமூகத்தில், கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரும், முன்பணத்திற்குக் கட்டுண்டு அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் உழன்று மீட்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. இவ்விரு நிலைகளையும் அருகருகே காணும் மாணவர், வறுமை தலைவிதியன்று என்பதையும், கைத்தொழிலுக்குச் சங்கம் துணை நின்றால் வாழ்வு மாறும் என்பதையும் எந்த நூலினும் தெளிவாக அறிவர்.

இதில் நமக்கும் கடமையுண்டு. முகாம் நம் ஊருக்கு வருங்கால், வரவேற்பும் விருந்தும் அளிப்பதோடு அமையாது, நம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டையும் மாணவர் முன் வைப்போமாக. வயலில் எலி பிடித்து நம் நெல்லைக் காப்போரும், தறிக்குத் தார் சுற்றும் பெண்களும் அதில் எத்தனை பேர்? பெயரில்லாதோரை மாணவர் வீடுதோறும் சென்று கண்டறியட்டும். துணைவிதிகள் இடந்தருமளவில் அவர்கள் சேர மனு எழுதித் தரட்டும்.

நம் குறையை இளைஞர்க்குக் காட்டுவதா என்று அங்கத்தினர் சிலர் தயங்கலாம். ஆண்டுதோறும் தணிக்கைக்குக் கணக்கைத் திறந்து வைக்கும் நமக்கு இதில் நாணம் வேண்டா. முகாம் முடியும் நாளில் பதிவேட்டில் புதிய பெயர்கள் சில ஏறியிருக்குமாயின், மாணவரும் கற்றனர், சங்கமும் வளர்ந்தது என்று கொள்ளலாம்.