‘வயதானால் அப்படித்தான்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்: இடுப்பு வலை விவகாரம் நமக்குச் சொல்வது என்ன?

இருமினால் சிறுநீர் கசிகிறது. வாளியைத் தூக்கினால் அடியில் ஏதோ தள்ளிக்கொண்டு வருகிறது. நான்கைந்து பிள்ளை பெற்று, பால் வாளி சுமந்த நம் அம்மாக்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இது தெரியாத சங்கதியல்ல. அடி இறங்கிவிட்டது என்று அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். டாக்டர் ஆண் என்றால் அவரிடமும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சிக்கலுக்குச் சின்ன அறுவை சிகிச்சைதான், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற உறுதிமொழியோடு வந்ததுதான் இடுப்பு வலை. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அதைப் பொருத்திக்கொண்ட பெண்களில் பலர் இன்றும் வலியோடு வாழ்கிறார்கள். வழக்குகள் முடிந்து, அமைச்சர்கள் மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

வலை என்பது பொலிப்ரோபிலின் என்னும் பிளாஸ்டிக் இழையில் பின்னியது. குடலிறக்கத்திற்கு வயிற்றில் வைத்துத் தைக்கப் பல காலமாகப் பயன்பட்டு வந்தது. 1990களில் சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலிய மருத்துவர் பீட்டர் பெட்ரோஸும், சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பட்டையாக இதை வைத்துக் கசிவை நிறுத்தும் முறையை உருவாக்கினார்கள். அது பரவலாக எடுபட்டது. பிறகு, இறங்கிய கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தூக்கி நிறுத்த, பெண்ணுறுப்பு வழியாகப் பெரிய அளவு வலைகளை வைக்கும் பெட்டிச் சரக்குகள் சந்தைக்கு வந்தன. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. இரண்டாவது வகையில்தான் தொல்லைகள் கூடுதலாகத் தெரிய வந்தன. முதல் வகையிலும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

என்ன தொல்லை? வலை உள்சுவரை அரித்துக்கொண்டு வெளியே நீட்டும். சிறுநீர்ப்பையையோ குடலையோ துளைக்கும். கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும். தொடை, இடுப்பு, அடிவயிறு என்று வலி இறங்கும்; நாற்காலியில் உட்கார முடியாது. தாம்பத்திய உறவு நின்றுபோன குடும்பங்கள் நிறைய. அப்படியானால் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். தோட்டத்தில் ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டிய வேலிக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். சில வருடங்களில் மரம் கம்பியை விழுங்கிவிடும். பிடுங்கினால் பட்டையும் சேர்ந்து வரும். வலையும் அப்படித்தான். சதை அதன் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. அதனால் முழுதாக எடுப்பது கடினம். எடுத்த பிறகும் எல்லாருக்கும் வலி நிற்பதில்லை.

இவ்வளவு ஆபத்துள்ள பொருள் எப்படி அனுமதி பெற்றது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம். அமெரிக்காவில் ஒரு மருத்துவச் சாதனம் ஏற்கனவே சந்தையில் உள்ள ஒன்றைப் போன்றது என்று காட்டினால், பெரும்பாலும் மனிதர்களிடம் புதிதாகச் சோதனை நடத்தாமலே விற்பனைக்கு வந்துவிட முடியும். புரோட்டிஜென் என்ற பட்டை 1996இல் அனுமதி பெற்றது. ‘அதைப் போன்றது’ என்று காட்டி, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டி.வி.டி. பட்டை 1998இல் அனுமதி பெற்றது. மறு வருடமே, 1999இல், தொல்லைகள் காரணமாக புரோட்டிஜென் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. அண்ணன் திரும்பிப் போய்விட்டார். அண்ணன் சாயலைக் காட்டி உள்ளே வந்த தம்பியை யாரும் வெளியே அனுப்பவில்லை. அந்தத் தம்பியைக் காட்டி இன்னும் பலர் வந்தார்கள்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் முதல் எச்சரிக்கை கொடுத்தது. 2008 முதல் 2010 வரை மட்டும் அதற்கு 2,874 புகார்கள் வந்தன. இந்தப் பாதிப்புகள் அரிதானவை அல்ல என்று 2011இல் ஒப்புக்கொண்டது. உறுப்பு இறக்கத்திற்குப் பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னதோ 2019 ஏப்ரலில். முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையில் பத்து வருடத்துக்கும் மேல்.

ஆஸ்திரேலியாவில் செனட் விசாரணை நடந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் கிரெக் ஹண்ட் 2018 அக்டோபரில் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி அன்னா காட்ஸ்மான், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனங்கள் கவனக்குறைவாக நடந்தன, ஆபத்துகளைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடும் தோற்றது. 2022இல் 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வழக்குத் தொடங்கிய ஆண்டு 2012. பத்து வருடம் வலியோடு காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் பாரோனஸ் கம்பர்லெஜ் தலைமையிலான குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தக் குழுவிடம் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று, டாக்டர்கள் நம்பவில்லை என்பது. வயதானால் அப்படித்தான், மாதவிடாய் நிற்கிற காலம், மனக்கவலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் நோயாளிப் பாதுகாப்பு ஆணையர் ஹென்ரியெட்டா ஹியூஸ், வலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முதற்கட்டமாக 20,000 பவுண்டு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். பரிந்துரை வந்த வேகத்தில் பணம் வரவில்லை. ஸ்காட்லாந்து கொஞ்சம் பரவாயில்லை. தனியார் மருத்துவமனையில் சொந்தக் காசில் வலையை எடுத்தவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்க 2022இல் தனிச் சட்டமே போட்டது. நியூசிலாந்து 2023இல் சிறுநீர்க் கசிவுக்கான வலை அறுவையையும் நிறுத்தி வைத்தது.

இது வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். மலேசியாவில் மருத்துவச் சாதனங்கள் 2012ஆம் ஆண்டின் 737ஆவது சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஏற்கனவே அங்கீகாரம் பெற்ற சாதனம் என்றால், அந்த அங்கீகாரத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் வழி இங்கே உண்டு. சிங்கப்பூரிலும் இதே போன்ற ஏற்பாடுதான். எல்லாச் சாதனத்தையும் முதலிலிருந்து சோதிக்க நம்மைப் போன்ற நாடுகளுக்கு வசதி இல்லை, அது புரிகிறது. ஆனால் அங்கே கதவு சரியாகப் பூட்டப்படாவிட்டால் இங்கேயும் திறந்துதான் கிடக்கும்.

அதோடு நம் வீட்டு மௌனம் வேறு. ஸ்காட்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத்திற்கு மனுப் போட்டு, கேமராவுக்கு முன்னால் தங்கள் வலியைப் பற்றிப் பேசினார்கள். அதனால்தான் சட்டம் வந்தது. இருமினால் கசிகிறது என்று கிளினிக்கில் சொல்லவே தயங்கும் ஒரு தோட்டத்துப் பாட்டி, உள்ளே வலை குத்துகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? புகார் இல்லை என்பதற்குப் பாதிப்பே இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்காக, வலை வைத்த எல்லாரும் பயந்துபோய் எடுக்க ஓட வேண்டியதில்லை. பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. தொல்லை இல்லாதவர்கள் வழக்கமான பரிசோதனைக்குப் போய்வந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க நிர்வாகத்தின் அறிவுரையும். இரத்தக் கசிவு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை இருந்தால் டாக்டரிடம் போய், எனக்கு வலை வைத்திருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிந்திருக்காது.

இனிமேல் அறுவைக்குப் போகிறவர்கள் முதலில் இடுப்புத் தசைப் பயிற்சி, உள்ளே வைத்து எடுக்கக்கூடிய வளையம், சொந்தச் சதையையே வைத்துத் தைக்கும் முறை ஆகியவை தனக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஒப்புதல் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரிந்த மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். உள்ளே வைக்கப்போவது என்ன, பிறகு எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கனவே அறுவை செய்து, என்ன வைத்தார்கள் என்றே தெரியாதவர்கள், அந்த மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் அடையாள அட்டையைக் காட்டி மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தில், வைத்த சாதனத்தின் பெயரும் எண்ணும் வேண்டும் என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.