சிறுசேரியில் ஒரு கணக்குப் பள்ளிக்கூடம்



சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி. கண்ணாடிச் சுவர் வைத்த மென்பொருள் நிறுவனங்களும், காலையில் அவற்றின் வாசலில் வந்து நிற்கும் பேருந்துகளும்தான் பலருக்கு அந்த ஊரின் அடையாளம். அவற்றுக்கு நடுவே, கணக்குக்காகவே வாழும் ஓர் இடமும் இருக்கிறது. சென்னை கணிதவியல் நிறுவனம். சுருக்கமாக, சி.எம்.ஐ. அதை உருவாக்கியவர் சி.எஸ்.சேஷாத்ரி. இந்த இதழில் அவரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

1932 பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நான்கு வருடங்களுக்கு ஒருமுறை வரும் பிறந்தநாள்! அப்பா செங்கல்பட்டில் வக்கீல். பையன் பள்ளிப் படிப்பை அங்கேயே முடித்துவிட்டு, 1948-ல் சென்னை லயோலா கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டம் காத்திருந்தது. அதன் பெயர், பாதிரியார் சார்லஸ் ரசீன்.

ரசீன் பிரெஞ்சுக்காரர். பாரீஸில் எலி கார்டன் என்ற வடிவியல் மேதையோடு ஆய்வு செய்துவிட்டு இந்தியாவுக்கு வந்த இயேசு சபைத் துறவி. ஐரோப்பாவில் கணிதம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதை நேரடியாக அறிந்தவர். பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பெரிய கணித உலகம் உயிரோடு இயங்குகிறது என்று மாணவர்களுக்குக் காட்டினார். கெட்டிக்கார மாணவர்களை, பம்பாயில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். 1953-ல் அப்படிப் போனவர்களில் இருவர், சேஷாத்ரியும் எம்.எஸ்.நரசிம்மனும். நரசிம்மன், அன்றைய வட ஆற்காட்டின் தண்டரை கிராமத்துக்காரர். அவரும் 1932-ல் பிறந்தவர்தான்.

பம்பாயில் அந்த நிறுவனத்தின் கணிதப் பிரிவை நடத்திய கே.சந்திரசேகரன் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார். உலகின் முதல் வரிசைக் கணித அறிஞர்களை வரவழைத்து மாதக்கணக்கில் பாடம் நடத்தச் சொல்வார். அதைக் கேட்டுக் குறிப்பெடுத்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இளைஞர்களுடையது. எழுதி எழுதியே அவர்கள் கற்றார்கள். பிறகு சேஷாத்ரி 1957 முதல் 1960 வரை பாரீஸில் இருந்தார். பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான்-பியர் செர் எழுப்பியிருந்த ஒரு புகழ்பெற்ற கேள்விக்கு, இரண்டு மாறிகள் உள்ள நிலைக்கான விடையை 1958-ல் கண்டார். அந்தக் கேள்வி முழுதாகத் தீர்வதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவரையும் நரசிம்மனையும் உலகம் நினைவில் வைத்திருப்பது 1965-ல் வெளியான ஒரு தேற்றத்துக்காக. அதைக் கொஞ்சமாவது தொட்டுப் பார்ப்போமா? நீளமான ஒரு காகிதப் பட்டையை எடுத்து இரு முனைகளையும் ஒட்டுங்கள். வளையல்போல வரும். இன்னொரு பட்டைக்கு அரை முறுக்குக் கொடுத்து ஒட்டுங்கள். எந்த இடத்தை மட்டும் பார்த்தாலும் இரண்டும் ஒரே காகிதம்தான். விரலை ஓர் ஓரத்தில் வைத்து ஒரு சுற்று வந்து பாருங்கள். முதல் வளையத்தில் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். இரண்டாவதில் எதிர் ஓரத்தில் வந்து நிற்பீர்கள்.

வடிவியல் அறிஞர்கள் இந்தக் காகிதத்தை விடப் பல மடங்கு சிக்கலான பரப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டவைக்கிறார்கள். அதற்கு வெக்டர் கற்றை என்று பெயர். அந்தக் கற்றைகளில் சிலவற்றை 'நிலையானவை' என்று இயற்கணித வழியில் தனியே எடுத்துக் காட்டியிருந்தார் கணித அறிஞர் டேவிட் மம்ஃபோர்ட். அவற்றுக்கும், பரப்பைச் சுற்றிவரும்போது ஏற்படும் சுழற்சிகளுக்கும் நேரடி உறவு உண்டு என்று நரசிம்மனும் சேஷாத்ரியும் நிரூபித்தார்கள். இயற்கணிதம் ஒரு பக்கம், இடவியல் இன்னொரு பக்கம். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மனிதரைப் பற்றித்தான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவந்தது போன்ற கண்டுபிடிப்பு அது. 1983-ல் கணித அறிஞர் சைமன் டொனால்ட்சன் அதற்கு முற்றிலும் வேறொரு நிரூபணம் தந்தார். இயற்பியலில் பிறந்த கருத்துகளோடும் அந்தத் தேற்றம் கைகோத்துக்கொண்டது. இன்றும் அது புதிய ஆய்வுகளைப் பெற்றெடுத்துக்கொண்டே இருக்கிறது.

இந்த அளவு புகழ் பெற்ற ஒருவர் ஆய்வு அறையிலேயே நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். 1984-ல் சென்னைக்குத் திரும்பிய சேஷாத்ரி, 1988-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு, 57 வயதில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு தியாகராய நகரில் ஒரு சின்னக் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு சி.எம்.ஐ.யாக வளர்ந்தது.

ஏன்? நம் நாட்டில் பெரிய ஆய்வாளர்கள் ஆராய்ச்சி நிறுவனங்களில் இருந்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கல்லூரிகளில் இருந்தார்கள். இரு தரப்பும் சந்திக்க வாய்ப்பே அரிது. ஆராய்ச்சி செய்கிறவரே இளங்கலை மாணவருக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பதில் சேஷாத்ரி உறுதியாக இருந்தார். 1998-ல் இளங்கலைப் படிப்பு தொடங்கியது. பட்டம் வழங்கும் உரிமை அப்போது அந்த நிறுவனத்துக்குக் கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் மாணவர்களுக்குப் பட்டம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஓர் இடத்தை நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்த அந்தப் பெற்றோரை நினைத்தால் வணங்கத் தோன்றுகிறது. 2005-ல் சிறுசேரியில் சொந்த வளாகம் அமைந்தது. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. இன்று அங்கே படித்தவர்கள் உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறார்கள்.

கர்நாடக இசையை முறையாகப் பயின்று பாடியவர் சேஷாத்ரி. 2009-ல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 2020 ஜூலை 17 அன்று, 88 வயதில் சென்னையில் காலமானார். அடுத்த ஆண்டு மே மாதம் நரசிம்மனும் மறைந்தார்.

சேஷாத்ரியின் வாழ்வில் என்னை மிகவும் நெகிழவைப்பது தேற்றத்தைவிட அந்தப் பள்ளிக்கூடம்தான். சரியான வயதில் ஒரு ரசீன் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் அடுத்த தலைமுறைக்குத் தற்செயலாக வாய்க்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் பல பிள்ளைகளுக்குக் கிடைக்கும்படி ஓர் ஏற்பாடாகவே செய்துவிட்டுப் போனார். வாங்கிய கடனை அடைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியல் என்றால், காம்பஸைப் பிடித்துப் படம் வரைந்து முழுதாக வாங்கிவிடக்கூடிய 8 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணும் வேண்டியதுதான். ஆனால் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒரு பிள்ளை, படம் முடிந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு "இது ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டால், "பரீட்சைக்கு அது வராது" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்து யோசியுங்கள். கணிதத்தையே படிக்க ஆசைப்பட்டால், அதற்கென்று ஒரு கல்விக்கூடம் சிறுசேரியில் இருக்கிறது, ஆண்டுதோறும் நுழைவுத் தேர்வு நடத்துகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்