தென்னை காய்க்கும் வரை



2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அரிசியும் போர்வையும் விரைந்து சென்றன. சில வாரங்களில் வண்டிகள் நின்றுபோயின. நெட்டைத் தென்னங்கன்று காய்க்கவோ 6, 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை அக்குடும்பங்களைத் தாங்குபவர் யார்?

ஆத்தங்குடிக் கல்லை வார்த்த அன்றே நாம் தரையில் பதிப்பதில்லை. அது நீரில் ஊறி வெயிலில் காய வேண்டும். இரக்கத்திற்கும் அந்தப் பொறுமை தேவை.

அகபு பஞ்சத்தை முன்னறிவித்தபோதே, அந்தியோகியா சபையார் தங்களால் இயன்றதை யூதேயாவுக்கு அனுப்பத் தீர்மானித்தனர் (அப்போஸ்தலர் 11:28-30). நாமும் மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்குவோம்: புயலடித்த வாரத்திற்குப் பாதி, உலகம் மறந்துபோகும் ஆண்டுகளுக்கு மீதி.

கர்த்தர் நம் கரங்களைத் திறப்பாராக. ஆமென்.