உதகையும் வர்க்கியும்

உதகமண்டலத்தில் அந்நிய நாட்டுப் பீட்ஸாக் கடைகள் இருக்கலாமா என்று வாதிக்கின்றனர். அந்நியம் என்ற ஒரே காரணத்தால் அவற்றை விலக்க நாம் சம்மதியோம். 1819-ல் நீலகிரி ஏறிய கலெக்டர் ஸல்லிவன் துரை நிர்மாணித்த ஊரல்லவா அது! உருளைக்கிழங்கும் தேயிலையும் கடல் கடந்து வந்தவையே. வர்க்கியும் வெள்ளைக்காரர் காலத்து வரவென்பர். ஆனால், அவை அம்மலையிலேயே வேரூன்றிவிட்டன. விறகடுப்பில் வெந்த வர்க்கியைச் சூடான தேநீரில் தோய்த்துத் தின்றவருக்கு, அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது வியப்பளிக்காது. பீட்ஸாக் கிளைக்கடைகளோ வேறு ஊரில் பிசைந்த மாவைக் கொணர்ந்து, சென்னையில் கிடைக்கும் ருசியையே மலைமீதும் விற்கின்றன. அதற்காகவா குழந்தைகளை அழைத்துக்கொண்டு மலை ரயில் ஏறுகிறோம்? அக்கடைகள் கொடுக்கும் வாடகைக்கு உள்ளூர் ரொட்டிக்காரர் எங்ஙனம் ஈடுகொடுப்பார்? தடை வேண்டாம், வர்க்கி சுடுவோருக்கு நகராட்சி தன் கடைகளின் வாடகையைக் குறைக்கட்டும்.