எதிர்காலக் கதை தமிழிலும் நடக்கட்டும்

தமிழில் ஒரு கதை எழுதச் சொன்னால் நம் இளையர் பலரின் கதையில் பாட்டி வருவார், பொங்கல் வரும், ஊர்த் திருவிழா வரும். அதே இளையரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் விண்கலம் வரும், ரோபோ வரும், 2100ஆம் ஆண்டு வரும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கதைப் பயிலரங்குகளில் உதவி வரும் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாட்டியைப் பற்றி எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், கடந்த காலத்துக்குத் தமிழ், எதிர்காலத்துக்கு ஆங்கிலம் என்று நம் மனம் பிரித்துக்கொண்டால், தமிழ் நினைவுகளுக்கு மட்டும் உரிய மொழியாகிவிடும். அதனால்தான் நம் இளையர்கள் தமிழில் அறிவியல் புனைகதை எழுத வேண்டும் என்கிறேன்.

“அதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டுமே” என்று சிலர் தயங்குவார்கள். இந்த வகையின் முன்னோடி நாவலான ‘ஃபிராங்கன்ஸ்டை’னை எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. அந்த நாவல் பிறந்ததில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1815ல் இந்தோனீசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய துகள்கள் வானில் பரவி வெயிலை மங்கச் செய்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலம் குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று முடிவு செய்தார்கள்.

செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டால் அது துடிக்கிறது என்பது அந்தக் காலத்தில் பலரும் வியந்து பேசிய செய்தி. உயிரற்ற உடலுக்கு மனிதன் உயிர் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மேரி யோசித்தார். அதோடு நிற்காமல், உயிர் கொடுத்தவனே அதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டார். 1818ல் வெளிவந்த நாவல் இன்றும் வாசிக்கப்படுவது அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். செயற்கை நுண்ணறிவை உருவாக்குபவர்களின் பொறுப்பு என்ன என்று இன்று நாம் விவாதிப்பதும் அதே கேள்வியைத்தான்.

கேள்வி கிடைத்த பிறகு உழைப்பு தொடங்குகிறது. அறிவியல் புனைகதையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது தவறான எண்ணம். நல்ல எழுத்தாளர் மிகச் சில இடங்களில்தான் உண்மையை வளைப்பார். மற்ற இடங்களில் கணக்கு சரியாக இருக்கும்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979ல் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்’ நாவலை வெளியிட்டார். தரையிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் ஒரு மின்தூக்கியைக் கட்டும் பொறியாளரின் கதை அது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே செல்வதால் எப்போதும் ஒரே இடத்தின் மேல் நிற்கும். அங்கிருந்து கம்பியை இறக்கினால் அது நிலநடுக்கோட்டில் வந்து இறங்கும். இலங்கையோ அதற்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. கிளார்க் தீவையே தெற்கே நகர்த்தி, ‘தப்ரபேன்’ என்ற பழைய பெயரைச் சூட்டிவிட்டார். ஆனால், கதையில் வரும் புனித மலையும் பாறைக் கோட்டையும் அவர் நேரில் அறிந்த சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் ஒட்டியவை. அதனால்தான் தீவு நகர்ந்ததை நம் மனம் ஏற்றுக்கொள்கிறது.

ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ இன்னொரு பாடம். செவ்வாயில் ஒரு விண்வெளி வீரர் தனியாகச் சிக்கிக்கொள்ளக் காரணம் ஒரு புயல். செவ்வாயின் காற்று பூமியின் காற்றைவிட மிக மெலிந்தது. அடர்த்தி நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அங்கே அவ்வளவு பலமான புயல் வீச முடியாது என்பது வியருக்கும் தெரியும். கதைக்காகத் தெரிந்தே வளைத்தார். அதன் பிறகு உருளைக்கிழங்கு வளர்க்க எவ்வளவு தண்ணீர் வேண்டும், ஒரு மனிதன் உயிரோடிருக்க எத்தனை கலோரி வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டு எழுதினார். கணினி நிரலாளரான அவர், விண்கலத்தின் பாதையைக் கணிக்கத் தனியாக ஒரு நிரலையே எழுதினார். தமது இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது வாசகர்கள் சுட்டிய பிழைகளையும் திருத்திக்கொண்டார்.

தமிழில் நமக்குச் சுஜாதா இருக்கிறார். மின்னணுப் பொறியாளரான அவர், பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 2021ஆம் ஆண்டில் நடக்கிறது. அதில் மனிதர்களின் பெயர்கள் நிலா, சிபி, ரவி, ஜீவா என்று இரண்டு எழுத்துகளில் முடிந்துவிடும். ஒரு மனிதனின் பெயருக்குக்கூட அளவு வைக்கும் அரசு எப்படிப்பட்டது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. அந்தக் கதையின் இயந்திர நாய் ஜீனோ, மெல்ல மெல்லச் சொந்தமாகச் சிந்திக்கத் தொடங்குவதை வாசகர்கள் வாரா வாரம் தமிழில்தான் படித்தார்கள்.

“தமிழில் சொற்கள் போதாதே” என்பது அடுத்த தயக்கம். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீருக்குச் சிங்கப்பூரில் நாம் ‘புதுநீர்’ என்கிறோம். லிஃப்டுக்கு ‘மின்தூக்கி’ என்கிறோம். புதிய பொருள் வந்தபோது புதிய சொல்லும் வந்தது. வராத இடத்தில் ரோபோ ரோபோவாகவே இருக்கட்டும். கதையில் வரும் பையன் தன் அம்மாவிடம் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினால் போதும்.

கேள்விகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. ஜோகூரிலிருந்து தண்ணீர் பெறும் ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. இன்று உயர்நிலை மூன்றில் படிப்பவருக்கு அப்போது வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை, தோ பாயோவில் ஒரு புளோக்கின் பத்தாவது மாடியில் தேநீர் போடப் போகும் அவர் குழாயைத் திறந்தால் என்ன வரும்? கடல்மட்டம் உயர்ந்த பிறகு ஈஸ்ட் கோஸ்ட்டில் யார் வசிப்பார்கள்? இறந்துபோன தாத்தாவின் குரலைக் கற்ற ஒரு செயலி, தீபாவளியன்று வீட்டுக்கு அழைத்தால் அதை எடுத்துப் பேசுவது யார்? கிளார்க் தம் மின்தூக்கிக்காகத் தீவை நகர்த்தினார். நம் தீவோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நாம் நகர்த்த வேண்டிய தூரம் குறைவு!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனப்பாடம் செய்த வருணனைகளையும் பழமொழிகளையும் அடுக்கும் பயிற்சியோடு, ஆண்டுக்கு ஒருமுறையாவது ‘இப்படி நடந்தால்?’ என்று தொடங்கும் ஒரு கதையை எழுதச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கணக்கைச் சரிபார்க்கவும் சொல்லுங்கள்.

இளையர்களே, முதல் முயற்சியே நாவலாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியை எழுதுங்கள். எந்த ஓர் உண்மையை வளைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மற்றவற்றைத் தேடிப் படித்துச் சரியாக எழுதுங்கள். பிறகு அந்த உலகத்தில் யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். அவரைப் பற்றி 500 சொற்களில் எழுதி, ஒரு நண்பரிடம் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.