விரிப்பு மாற்றும் பெண்கள் எந்தப் பக்கம்?

"நம்பிக்கைக்காக ஒருவரின் பிழைப்பில் கை வைக்கலாமா?" தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கப் பணம் கொடுத்தவர்களின் கடைகளையும் விடுதிகளையும் புறக்கணிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனாலேயே இந்தக் கேள்வியோடு எனக்குச் சண்டை அதிகம். புறக்கணிப்பை ஆதரிக்கும் என் தோழிகள் சிலரோடும் சண்டை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 2008 மே மாதம் அம்மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. ஜூன் நடுவில் திருமணங்கள் தொடங்கின. ஐந்து மாதங்களுக்குள் சுமார் 18,000 இணையர் மணந்துகொண்டார்கள். நவம்பர் 4 அன்று எட்டாம் முன்மொழிவு என்ற பெயரில் வாக்கெடுப்பு நடந்தது. 52 சதவீத வாக்குகளோடு அது வென்று, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவைத்தது. இரு தரப்பும் சேர்ந்து கொட்டிய பணம் 8 கோடி டாலருக்கு மேல்.

ஆக, யாரும் இங்கே ஒருவருடைய மனதைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த நம்பிக்கைக்குத் தண்டனை கொடுக்கவில்லை. கையில் வந்துவிட்ட உரிமையைப் பறிக்கப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணம் விளம்பரமாகி, கையெழுத்து வேட்டையாகி, கடைசியில் சட்டமானது. அடுத்தவள் வீட்டுக்குள் புகுந்து அவளுடைய திருமணத்தைக் கலைக்கப் பணத்துக்கு உரிமை உண்டாம். அந்தப் பணத்தைத் தரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மட்டும் உரிமை கிடையாதாம். இதற்குப் பெயர் சகிப்புத்தன்மை என்கிறார்கள். கொடுப்பதும் மறுப்பதும் என் பணப்பையின் வேலை. அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை.

இனி தோழிகளோடான சண்டை. சான் டியாகோவில் டக் மான்செஸ்டர் என்ற பெரும் தொழிலதிபர், எட்டாம் முன்மொழிவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 1,25,000 டாலர் கொடுத்தார். கடற்கரையோரம் 1,600க்கும் மேற்பட்ட அறைகளோடு நிற்கும் மான்செஸ்டர் கிராண்ட் ஹயாத் விடுதி அப்போது அவருடையது. 2008 ஜூலையில் அந்த விடுதியைப் புறக்கணிக்க அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் தன்பாலீர்ப்பினர் அமைப்புகள் மட்டுமல்ல, விடுதித் தொழிலாளர் சங்கமான யுனைட் ஹியரும்தான். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களின் வேலைச்சுமை பற்றிய புகார் அந்தச் சங்கத்திடம் இருந்தது. பெரிய விடுதிகளில் அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். இடுப்பும் தோளும் பதில் சொல்லும்.

அதே ஆண்டு நவம்பரில், லாஸ் ஏஞ்சலஸில் எல் கொயோட்டே என்ற மெக்சிகோ உணவகத்தின் முன்னால் கூட்டம் கூடியது. அங்கே மேலாளராக இருந்த பெண்மணி முன்மொழிவை ஆதரித்து 100 டாலர் கொடுத்திருந்தார். ஆண்டாண்டாகத் தன்பாலீர்ப்பினர் விரும்பிப் போன இடம் அது. வேலை செய்பவர்களில் அவர்களும் இருந்தார்கள். வியாபாரம் விழுந்தது. காயப்பட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த அம்மையார் செய்ததை நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் 100 டாலரையும் 1,25,000 டாலரையும் ஒரே தராசில் வைப்பது எந்த அரசியல்? மேசை காலியாக இருந்தால் முதலில் குறைவது பரிமாறுகிறவரின் அன்பளிப்புக் காசு. அவரிடம் யார் கேட்டார்கள்?

தொழிலாளர் இல்லாத புறக்கணிப்பு, வாடிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கிற குஸ்தியாகிவிடும். அதில் யாரிடம் கூட்டம் அதிகமோ அவர்கள் ஜெயிப்பார்கள். 2012இல் சிக்-ஃபில்-ஏ கோழிக்கறி உணவகங்களுக்கு எதிராக எழுந்த புறக்கணிப்புக்கு அதுதான் நடந்தது. எதிர்த்தரப்பு அரசியல்வாதி ஒருவர் ஆகஸ்ட் 1 அன்று எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள் என்றார். கடைகளைச் சுற்றி வரிசை நின்றது; வரலாறு காணாத விற்பனை என்று நிறுவனம் சொன்னது. கல்லாவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு அன்று கூடுதலாகக் கிடைத்தது கால்வலிதான்.

"புறக்கணிப்பும் நம் ஊரின் ஊர்விலக்கமும் ஒன்றுதானே?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. சாதி மீறி மணந்தவர்களுக்கு மளிகைக் கடையில் சாமான் கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று தள்ளிவைத்த ஊர்கள் நமக்குத் தெரியும். அங்கே மறுக்கப்படுவது உயிர் வாழத் தேவையானது. மறுப்பவர்கள் அதைக் கையில் வைத்திருப்பவர்கள். விடுதி அதிபருக்கு யாரும் அரிசியை மறுக்கவில்லை. பாய்காட் என்ற சொல்லே 1880இல் அயர்லாந்தில் நிலக்கிழாரின் முகவராக இருந்த ஒருவரின் பெயர். அவரிடம் வேலை செய்ய மறுத்தவர்கள் குத்தகை விவசாயிகளும் கூலிகளும் வேலைக்காரர்களும். கீழேயிருந்து மேல்நோக்கிப் போனது அது. ஊர்விலக்கம் மேலேயிருந்து கீழே இறங்குவது. திசையைப் பார்க்காமல் ஆயுதத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இந்தத் திசை சான் பிரான்சிஸ்கோவில் 1970களிலேயே தெரிந்திருந்தது. கூர்ஸ் பீருக்கு எதிரான போராட்டத்துக்கு ஆதரவு கேட்டு வந்த லாரி ஓட்டுநர் சங்கத்தாரிடம் ஹார்வி மில்க் ஒரு நிபந்தனை வைத்தார்: தன்பாலீர்ப்பினருக்கும் ஓட்டுநர் வேலை வேண்டும். மில்க்கோடு இளைஞராக வேலை செய்த கிளீவ் ஜோன்ஸ், பின்னாளில் யுனைட் ஹியரில் சேர்ந்து மான்செஸ்டர் புறக்கணிப்பை முன்னின்று நடத்தினார்.

2009இல் மான்செஸ்டர் தன்பாலீர்ப்பினர் அமைப்புகளுக்கு 25,000 டாலர் ரொக்கமும் 1,00,000 டாலர் மதிப்புள்ள விடுதிச் சலுகைகளும் தருவதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே 1,25,000. போராடியவர்கள் ஏற்கவில்லை. 2011இல் அவர் விடுதியை விற்றார். திருமண உரிமைக்காரர்களின் புறக்கணிப்பு அதோடு முடிந்தது. ஹயாத் குழுமத்தோடு சங்கத்தின் வழக்கு முடியவில்லை. 2012 ஜூலையில், அறை சுத்தம் செய்யும் பெண்களை முன்வைத்து ஹயாத் விடுதிகளை உலகெங்கும் புறக்கணிக்கச் சங்கம் அழைத்தபோது, ஆதரித்த அமைப்புகளில் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்பும் இருந்தது, தன்பாலீர்ப்பினரின் தேசியப் பணிக்குழுவும் இருந்தது. ஓராண்டு கழித்து, 2013 ஜூலையில், நிறுவனம் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது.