கடல் தெரியிற மாதிரி ஒரு முப்பது சென்ட்

போன ஞாயித்துக்கிழமை காலையில தர்பூசணிக் கொல்லையில சொட்டுநீர்க் குழாய் அடைப்பு எடுத்துக்கிட்டு இருந்தேன். போன் வந்தது. இந்த வலைப்பூவை ரொம்ப நாளா படிக்கிற சென்னை நண்பர். நல்ல மனுஷர். ஒரு பொங்கலுக்குக் குடும்பத்தோட வந்து எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போனவர். பிள்ளைங்க படிப்பு, வெயிலு, மழைன்னு சுத்தி வளைச்சுப் பேசிட்டு கடைசியில விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, உங்க பக்கம் கடல் தெரியிற மாதிரி ஒரு முப்பது சென்ட் இருந்தா சொல்லுங்க. இப்ப வாங்கிப் போட்டாத்தான் உண்டு. ஈசிஆர் டிரெண்டு இனிமே மாமல்லபுரத்துக்குத் தெற்கேதான்னு பேப்பர்லயே போடுறான்."

"பாக்கறேன் தம்பி"ன்னு சொல்லி வெச்சுட்டேன். வெச்சப்புறம்தான் கோபம் வந்தது. அவர் மேல இல்ல, என் மேல. சொல்ல வேண்டியதை அப்பவே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். அவருக்கு மட்டுமில்ல, இதே கேள்வியை மெயில்ல கேட்ட எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

நீங்க பேப்பர்ல பார்க்கிற டிரெண்டு எங்க ஊர்ல எப்படித் தெரியும் தெரியுமா? அளவு மாறும். எங்க தாத்தா நிலத்தைக் காணிக் கணக்குல பேசுவார். ஒரு காணின்னா 132 சென்ட். அப்பா ஏக்கர்ல பேசினார். நான் சென்ட்ல பேசிப் பழகிட்டேன். இப்ப வர்ற புரோக்கர் பசங்க சதுர அடியில பேசுறாங்க. காணியில பேசினப்ப, 'எத்தனை மூட்டை விளையும்'ங்கிறது அடுத்த கேள்வி. சதுர அடியில பேசுறப்ப, 'ரோட்டுலேர்ந்து எத்தனை நிமிஷம்'ங்கிறது அடுத்த கேள்வி. மண்ணைக் கையில எடுத்துப் பார்த்த ஒரு ஆளைக்கூட நான் இந்தப் பத்து வருஷத்துல பார்க்கல.

நீலாங்கரை, பனையூர், உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம்னு ஒவ்வொண்ணா முடிஞ்சு, மாமல்லபுரமும் தாண்டி, இப்ப பாலாத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. மாமல்லபுரத்துலேர்ந்து புதுச்சேரி வரைக்கும் நாலு வழிச்சாலை வேலை ஆரம்பிச்சதும் விலை இன்னும் வேகமா ஓடுது. கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுலேர்ந்தே வேலை பார்க்கலாம்னு ஆனதும் 'வீக்எண்ட் வில்லா'வுக்குக் கிராக்கி கூடிப்போச்சு. இதெல்லாம் பேப்பர்ல வரும். வராததைத்தான் நான் சொல்லப்போறேன்.

அதுக்கு முன்னாடி என் யோக்கியதையைச் சொல்லிடறேன். நானும் வித்தவன்தான். தங்கச்சி கல்யாணமும் அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே வருஷத்துல வந்தப்ப, கடல் பக்கத்துச் சவுக்குத் தோப்புல 40 சென்ட் கொடுத்துட்டேன். அங்க இப்ப ஒரு வெள்ளை வீடு நிக்குது. நீச்சல் குளம் இருக்கு. வருஷத்துல முப்பது நாள் ஆள் இருந்தா அதிகம். அதனால, வித்த விவசாயியைத் திட்டுற பதிவுன்னு இதை நினைக்காதீங்க.

எங்க நாட்டுக்குப் பேரே இடைக்கழிநாடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழி, நடுவுல மணல்மேட்டுல நாங்க. சிறுபாணாற்றுப்படை பாடின நத்தத்தனார் 'இடைக்கழிநாட்டு நல்லூர்'க்காரர்னு பேரிலேயே இருக்கு. அவ்வளவு காலமா இந்த மணல்ல மனுஷன் குடியிருக்கான்னா ஒரே காரணம், மணலுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணி.

அந்தத் தண்ணி எப்படி இருக்குன்னு வாங்குறவங்க யாரும் கேக்கறதில்ல. ரெண்டு பக்கமும் உப்பு. அடியிலயும் உப்பு. மழைத்தண்ணி மணல்ல இறங்கி அந்த உப்புத்தண்ணி மேல மிதக்குது, சோத்துக்கஞ்சி மேல ஏடு மிதக்கிற மாதிரி. நல்ல தண்ணி எடை குறைவு, அதனாலதான் மிதக்குது. கைபன், ஹெர்ஸ்பெர்க்னு ரெண்டு ஐரோப்பியர்கள் நூறு வருஷத்துக்கும் முன்னாடியே இதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க: கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணி இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல ஒரு அடி நிரந்தரமா குறைஞ்சா, அடியில உப்பு 40 அடி மேல ஏறி வரும்.

எங்க உறைக்கிணத்துல 20 அடியில இளநீர் மாதிரி தண்ணி இருந்தது. அம்மா அதுலதான் பருப்பு வேக வெப்பாங்க. இப்ப அந்தத் தண்ணியில பருப்பு வேகறதில்ல. மூணு வருஷமா குடிக்கக் கேன் வாங்குறோம். விவசாயி வீட்டுல கேன் தண்ணி.

புல்தரைக்கு வருவோம். 20 சென்ட் புல்தரை பச்சையா இருக்கணும்னா, வெயில் நாள்ல தினம் 5 மில்லிமீட்டர் தண்ணியாவது வேணும். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 4,000 லிட்டர். மழை மாசத்தை விட்டுட்டு 250 நாள்னு வெச்சாலும் 10 லட்சம் லிட்டர். 30 அடிக்கு 15 அடி, அஞ்சடி ஆழம்னு ஒரு நீச்சல் குளம் கட்டினா, ஒரு தடவை ரொப்ப 60,000 லிட்டருக்கு மேல. எல்லாம் போர்வெல்லுலேர்ந்துதான். அதுலயும் எங்களை விட ஆழமா போட்ட போர்.

"நீங்க மட்டும் உறிஞ்சலையா, அதுவும் இலவச மின்சாரத்துல?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. உறிஞ்சுறோம். ஆனா தர்பூசணிக்கு ரெண்டரை மாசம். வேர்க்கடலைக்கு மூணரை மாசம். ஐப்பசி, கார்த்திகையில மோட்டாரைத் தொடவே மாட்டோம். மழை பூரா திறந்த மணல்ல இறங்கும், ஊத்து மறுபடி ஊறும். நாங்க எடுத்ததைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்க எங்க நிலம் திறந்து கிடக்கு. நீங்க கல்லு பாவி, கான்கிரீட் போட்டு, காம்பவுண்டு கட்டி அடைச்சுடறீங்க. அதுவும் நாங்க எடுக்கிற தண்ணியில ஒரு காய் விளைஞ்சு கோயம்பேட்டுக்கு வருது. புல்லு எங்கயும் வரப்போறதில்ல.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையான்னா, இருந்தது. தமிழ்நாட்டுல நிலத்தடி நீருக்குன்னே 2003-ல ஒரு சட்டம் கொண்டுவந்தாங்க. நடைமுறைக்கே கொண்டுவராம 2013-ல அதை ரத்தும் பண்ணிட்டாங்க. அதே 2013-லதான் நெம்மேலியில கடல் தண்ணியைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புற ஆலை ஓட ஆரம்பிச்சது, தினம் 10 கோடி லிட்டர். 2024-ல பக்கத்துலயே இன்னொண்ணு, 15 கோடி லிட்டர். நகரத்துக்குத் தண்ணி உப்பாப் போனா ஆலை வரும். எங்க கொல்லைக்கு எந்த ஆலை வரும்?

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-லேர்ந்து இருக்கு. எங்களை மாதிரி ஊர்ப்பக்கம், அலை ஏறுற எல்லையிலேர்ந்து 200 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாதுன்னாங்க. 2019-ல மாத்தினப்ப, ஜனநெருக்கம் அதிகமுள்ள ஊர்களுக்கு அதை 50 மீட்டராக் குறைச்சாங்க. மீனவன் வீட்டுக்கு ஒரு ரூம் சேர்த்துக் கட்டிக்க இந்தத் தளர்வு உதவினா சந்தோஷம்தான். ஆனா சுனாமிக்கப்புறம் நடந்ததை நினைச்சுப் பாருங்க. 'கடலோரம் ஆபத்து'ன்னு சொல்லி சென்னைக் கரையில இருந்த எத்தனையோ மீனவக் குடும்பங்களைச் செம்மஞ்சேரியில கொண்டுபோய் விட்டாங்க. கடல் அவங்களுக்கு ஆபத்து. வில்லாவுக்கு அதுவே 'வியூ'.

அடுத்தது மழைத்தண்ணி. எங்க ஏரிக்குக் கீழே இருக்கிற நஞ்சைத் தண்ணி ஒரு ஓடை வழியா கழிக்குப் போய், அங்கேர்ந்து கடலுக்குப் போகும். வரைபடத்துல அது மெல்லிசா ஒரு கோடு. பட்டாவுல இருக்காது. அந்த ஓடை வாயை மறிச்சு ஒரு மனைப்பிரிவுக்காரங்க எட்டடிச் சுவர் எழுப்பிட்டாங்க. போன ஐப்பசியில என் நெல்லுல ஒன்பது நாள் தண்ணி நின்னது. மனு கொடுத்தேன். வந்து அளந்தாங்க. அளந்த காகிதம் எந்த மேசையில இருக்குன்னு அஞ்சு தடவை போய்க் கேட்டாச்சு. சுவர் அப்படியேதான் நிக்குது. வலை தூக்கிக்கிட்டு கடலுக்குப் போற தோப்புப் பாதையிலயும் ஒரு கேட்டு வந்துடுச்சு. வாட்ச்மேன் எங்க ஊர்ப் பையன்தான். தெரிஞ்ச முகம்னா திறந்து விடறான். அவங்கப்பன் நடந்த பாதைக்கு அவன் தயவு வேண்டியிருக்கு.

வேலைவாய்ப்பு வருதேன்னு சொல்றாங்க. வருது, நான் மறைக்கல. எங்க கொல்லையில களை எடுத்துக்கிட்டு இருந்த ரெண்டு அக்காங்க இப்ப வில்லாவுல பெருக்கித் துடைக்கிறாங்க. மாசம் பொறந்தா சம்பளம் கையில வருது. வெயில்ல குனியிற வேலையும் இல்ல. அதுக்கு நான் எப்படிப் பொறாமைப்படுவேன்? அவங்களுக்கு அந்தச் சம்பளத்தை என்னால கொடுக்க முடியல, அதுதான் உண்மை. ஆனா முப்பது வீட்டுக்கு வேலை கொடுத்த தோப்பும் கொல்லையும் போன இடத்துல, நாலு பேருக்கு வேலை வந்ததை 'வளர்ச்சி'ன்னு எழுதாதீங்க.

இப்ப புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு. 'பண்ணை நிலம்'. கால் ஏக்கர் வாங்கிக்கோங்க, நாங்களே மாங்கன்னு, மகோகனி வெச்சுப் பராமரிக்கிறோம், நடுவுல கிளப் ஹவுஸ், நீங்க சனிக்கிழமை வந்தா போதும்கிறாங்க. மகாராஷ்டிரத்துல விவசாயி இல்லாதவன் விவசாய நிலம் வாங்க முடியாது. கர்நாடகத்துலயும் 2020 வரைக்கும் கட்டுப்பாடு இருந்தது. தமிழ்நாட்டுல அப்படி எதுவும் கிடையாது. வாங்குறவர் பத்திரத்துல விவசாயி ஆகிடறார், வித்தவன் ஆதார் கார்டுல மட்டும் விவசாயியா இருக்கான்.

"அப்ப ஏன் விக்கறீங்க?" இதையும் நீங்க கேப்பீங்க. தர்பூசணி லோடு ஏத்தி அனுப்பி, வண்டி வாடகை போக மிச்சம் இல்லாம திரும்பின வருஷம் எனக்கே ரெண்டு இருக்கு. சவுக்கு நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டு, நடுவுல ஒரு புயல் வந்தா அதுவும் இல்ல. இந்த வருமானத்தை வெச்சுக்கிட்டு இருக்கிறவன்கிட்ட, அவன் ஆயுசு பூரா பார்க்காத பணத்தை ஒரே கையெழுத்துக்குக் காட்டினா, அவன் விக்கத்தான் செய்வான். அதுக்குப் பேரு விருப்பம் இல்லீங்க. வெளையிறதுக்கு விலை இல்லாததாலதான் நிலத்துக்கு விலை ஏறுது. கிலோ பழத்துக்கு நாலு ரூபாய் குறைச்சுப் பேரம் பேசிட்டு, அதே ரோட்டுல சதுர அடிக்குப் பேரம் பேசாம அட்வான்ஸ் போடுறவங்களைப் பார்த்திருக்கேன்.

நான் வராதீங்கன்னு சொல்லல. வாங்குறதா இருந்தா நாலு கேள்வி கேட்டுட்டு வாங்குங்க. மனைக்குள்ள ஓடை, வாய்க்கால் போகுதான்னு கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்க, புரோக்கர் கொடுக்கிற கலர் படத்தை இல்ல. பக்கத்துக் கொல்லைக்காரர்கிட்ட கிணத்துத் தண்ணி ருசி கேளுங்க. கடலுக்குப் போற பாதை யாரோடதுன்னு மீனவக் குப்பத்துல விசாரிங்க. அப்புறம், புல்தரையும் நீச்சல் குளமும் இல்லாம உங்களால அங்க தூங்க முடியுமான்னு உங்களையே கேட்டுக்கோங்க. மழைத்தண்ணி இறங்க மண்ணைத் திறந்து விட்டு, ரெண்டு தென்னையும் ஒரு புன்னையும் வெச்சு ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டா, எங்க ஊர்ல உங்களை யாரும் வெளியாளா பார்க்க மாட்டாங்க.

கடைசியா அந்த நண்பருக்கு. தம்பி, நீங்க கேட்ட மாதிரி கடல் தெரியிற இடம் ஒண்ணு இருக்கு. என் கூடப்பொறந்தவனோட பங்கு, 35 சென்ட், என் கொல்லைக்கு ஒட்டினது. அவனுக்குக் கடன் இருக்கு, விக்கணும்கிறான். தை முடியிற வரைக்கும் பொறுடான்னு சொல்லியிருக்கேன். இந்த வருஷக் காய்ப்பு கைகொடுத்தா அந்தக் கடனை நான் ஏத்துக்கலாம்னு நினைப்பு. பிப்ரவரியில பழம் வரும். அப்ப வாங்க. இடம் பார்க்க வேணாம், ஒரு லோடு பழத்துக்கு உங்க அபார்ட்மெண்ட்டுல ஆள் சேர்த்துக்கிட்டு வாங்க. நியாயமான விலை சொல்றேன், பேரம் பேசாம எடுத்துக்கோங்க.